மன்றத்துப் பிள்ளைகளுக்குத் தேனீ வளர்ப்பு: ஜனவரியில் பத்துப் பெட்டி வாங்கலாமா?

கேள்வி, செப்டம்பர் 14

குமரி மாவட்டம், திருவட்டாறு பக்கம் சின்ன ஊர். எங்கள் இளைஞர் மன்றத்தில் இதுவரை பொங்கல் விளையாட்டுப் போட்டி, கேரம், ரத்ததான முகாம், இவ்வளவுதான். இந்த வருடம் எட்டாம் வகுப்பு முதல் கல்லூரி முதல் வருடம் வரை உள்ள பிள்ளைகளை வைத்துத் தேனீ வளர்க்கலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஜனவரியில் தேன் சீசன் தொடங்கும்போது பத்துப் பெட்டி ஒன்றாக வாங்கினால் மார்ச்சுக்குள் போட்டது திரும்பிவிடும், பிள்ளைகளுக்கும் உற்சாகம் இருக்கும் என்பது எங்கள் கணக்கு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 15

வேண்டாம் தம்பி, எங்கள் ஊர் மன்றத்திலும் பிள்ளைகளை வைத்துத் தேனீ வளர்க்கிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஜனவரியும் வேண்டாம், பத்தும் வேண்டாம். அக்டோபரில் இரண்டு பெட்டி வாங்குங்கள்.

நம் பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருகிறது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளில்தான் இனிப்பு நீர் கசியும். ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரை, சில தோட்டங்களில் ஏப்ரல் தொடக்கம் வரை போகும். அந்த நேரத்தில் பெட்டி நிறைய ஈ இருந்தால்தான் தேன். அந்த ஈக்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருகி வந்தவை. ஜனவரியில் வாங்குகிறவர் வேறொருவர் மூன்று மாதம் பார்த்து வளர்த்ததைக் காசு கொடுத்து வாங்குகிறார், விலையும் அப்போதுதான் ஏறி நிற்கும். உங்கள் பிள்ளைகள் அதில் கற்றுக்கொள்வது தேன் எடுக்கிற மிஷினைச் சுற்றுவது மட்டும்தான். அதற்கு ஒரு மத்தியானம் போதும்.

அப்புறம் ஏப்ரலில் தேன் நின்றுவிடும், ஜூனில் மழை பிடிக்கும், பத்துப் பெட்டிக்கும் சர்க்கரைப் பாகு வைக்க ஆள் இருக்க மாட்டார்கள். மன்றம் நடத்தும் தேனீ வளர்ப்பு எல்லாம் அங்கேதான் சாகிறது. அதைத் தனியாக எழுத வேண்டும், ஜூன் வரட்டும்.

ஒன்றே போதாதா என்றால், ஒரே பெட்டி இருந்தால் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே புதியவருக்குத் தெரியாது. இரண்டு இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றில் ராணி போய்விட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை, அதாவது ஈ அடை கட்டுகிற மரச்சட்டத்தை, எடுத்து வைக்கலாம், அதிலிருந்து அவை வேறு ராணி வளர்த்துக்கொள்ளும்.

செப்டம்பர் 15, இரவு

"பத்துப் பெட்டி என்றால் ஆளுக்கு ஒன்று, சண்டை வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சண்டை வராத மன்றம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொன்னால் நானும் போய்ச் சேர்ந்துகொள்கிறேன். பெட்டி யாருடையது என்பது பெரிய கேள்வி, பிறகு வருகிறேன்.

செப்டம்பர் 19

கொட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். கொட்டும். இதை மறைத்து எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள்.

முதல் கூட்டத்துக்குப் பெற்றோரைக் கூப்பிடுங்கள். அம்மாக்கள் கேட்கிற கேள்விகள்தான் சரியான கேள்விகளாக இருக்கும். முன்பு குளவியோ தேனீயோ கொட்டி உடம்பெல்லாம் தடித்த, மூச்சு முட்டிய, தலை சுற்றி விழுந்த பிள்ளை யாராவது உண்டா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். உண்டு என்றால் அந்தப் பிள்ளை பெட்டிப் பக்கம் வரவே கூடாது. எவ்வளவு அழுதாலும் சரி. கொட்டிய இடம் வீங்குவது, மறுநாள் அரிப்பது, இதெல்லாம் சாதாரணம். கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடு வீக்கம், இளைப்பு, மயக்கம் என்றால் மஞ்சள் தேய்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரி. வண்டி யாருடையது, எந்த ஆஸ்பத்திரி என்பதை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளும், அதோடு விஷப்பையும் அறுந்து தங்கும், தங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டணுமா, கிள்ளி எடுக்கணுமா என்று பெரியவர்கள் வாதம் செய்வார்கள். எப்படி எடுத்தாலும் சீக்கிரம் எடுத்தால் சரி. எடுத்ததும் அந்த இடத்தில் புகை அடிக்க வேண்டும். ஒரு ஈ கொட்டும்போது வருகிற வாசனை மற்றவற்றையும் கூப்பிடும். அந்த வாசனை பழுத்த வாழைப்பழ வாசனை. அதனால் மட்டிப்பழம் தின்றுகொண்டு யாரும் பெட்டி திறக்க வரக் கூடாது என்பது எங்கள் மன்றத்தில் எழுதி வைத்த விதி. சென்டும் மணக்கிற தலை எண்ணெயும் இன்னொரு விதி. பிளஸ் டூ பையன்களிடம் அதை அமல்படுத்துவதுதான் கஷ்டம்.

கையுறை தேவையா? என் கருத்து, தேவையில்லை. தடித்த கையுறை போட்டவனுக்குச் சட்டத்தைப் பிடித்த விரலுக்கு அடியில் ஈ இருப்பது தெரியாது, நசுக்குவான், நசுங்கினால் மற்றவை கிளம்பும். முகவலை மட்டும் கட்டாயம். சின்னப் பிள்ளைகள் பயப்பட்டால் முதல் சில தடவை போட்டுக்கொள்ளட்டும், பயம் போனதும் தானாகவே கழற்றிவிடுவார்கள்.

செப்டம்பர் 27

இத்தாலியத் தேனீ வாங்கினால் பல மடங்கு தேன் வருமே என்ற கேள்விக்கு.

வரும், நிறையப் பூ தொடர்ந்து கிடைக்கிற இடத்தில். பெட்டியை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்களுக்கு அது சரி. பிள்ளைகள் கற்க நம் பொந்துத் தேனீ, அதாவது ஏபிஸ் செரானா இண்டிகாதான் தோது. பெட்டி சிறியது, எட்டாம் வகுப்புப் பிள்ளையாலும் ஒரு சட்டத்தைத் தூக்கிப் பார்க்க முடியும். இத்தாலியத் தேனீக்குப் பெரிய தலைவலியான வரோவா உண்ணியை இது தன் மேலிருந்து தானே பொறுக்கிப் போட்டுவிடும், ஏனென்றால் அந்த உண்ணி முதலில் இதன் மேல் இருந்ததுதான். ஒரே குறை, ரோஷம் அதிகம். பட்டினி போட்டால், சும்மா சும்மா திறந்து தொந்தரவு செய்தால், மொத்தக் கூட்டமும் அடையை விட்டுவிட்டுப் போய்விடும்.

நாம் பயன்படுத்துகிற சின்னப் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். ஆப்பிள் விழுந்த நியூட்டன் இல்லை, இதைக் கேட்காத பிள்ளையே கிடையாது. திருச்சியில் இருந்த ஒரு பாதிரியார், 1911 முதல் 1917 வரையிலான காலத்தில் நம் தேனீயின் அளவுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துக் கிராமத்து மக்களுக்குப் பழக்கினார். பிறகு 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் வைத்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கோழி, முட்டை விற்பனை இவற்றோடு தேனீயையும் சேர்த்துக்கொண்டார். அப்போது இது திருவிதாங்கூர், தமிழ்நாட்டோடு நாம் சேர்ந்தது 1956இல். ஆக, இளைஞர்களுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுப்பது இங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை, இந்தத் தொழிலே இங்கே அப்படி வந்ததுதான்.

அந்தப் பெருமையோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1991, 92இல் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் பரவி, பொந்துத் தேனீக் கூட்டங்களில் பெரும்பங்கை அழித்துவிட்டது. புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே தலை மேலே தூக்கியபடி செத்து, உள்ளே நீர் கோத்த பை போல ஆகிவிடும். மருந்து கிடையாது. எங்கள் சித்தப்பா வீட்டுப் பின்புறம் காலிப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது, கோழி அதில் அடைகாத்தது. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் மறுபடி எழுந்தது. அதனால் நல்ல தெம்பான கூட்டம் எது என்று பார்த்து அதிலிருந்து பிரிப்பது வெறும் தேனுக்காக இல்லை.

அக்டோபர் 8

இரண்டு பெட்டி வாங்கப் போகிறோம், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல முடிவு.

மூடியைத் திறந்து "பாருங்க எவ்வளவு ஈ" என்று காட்டுவார்கள். ஈயைப் பார்க்காதீர்கள், அடையைப் பாருங்கள். சட்டத்தை, உங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி சாய்த்தால் அடையில் உள்ள அறையின் அடியில் முட்டை தெரியும், வெள்ளையாக, சின்னக் கோடு போல. ஒரு அறைக்கு ஒரு முட்டை, நடுவில் நிற்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் சுவரில் ஒட்டி இருந்தால் ராணி இல்லை, பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன, அதிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். அந்தப் பெட்டி சில வாரத்தில் தீர்ந்துவிடும். மூடிய புழு அறைகள் இடையில் ஓட்டை இல்லாமல் நெருக்கமாக இருக்க வேண்டும். அறை மூடியின் நடுவில் ஊசி குத்தினது மாதிரி துளை இருந்தால் பயப்படாதீர்கள், நம் தேனீயின் ஆண் அறை அப்படித்தான் இருக்கும்.

எங்களுக்கு முதலில் விற்றவர், ஊர் பெயர் வேண்டாம், இரண்டு பெட்டியில் ஒன்றைக் காலையிலேயே மூடியைத் திறந்து திறந்து காட்டினார், மற்றதை "ராத்திரி கொண்டுபோகும்போது பாத்துக்கிடலாம்" என்றார். ராத்திரி பார்த்தால் நான்கு சட்டத்தில் இரண்டு வெறும் அடை. பகலில் பார்க்காத பெட்டியை வாங்காதீர்கள். பார்த்து, அடையாளம் வைத்து, பொழுது இருட்டி எல்லா ஈயும் உள்ளே வந்த பிறகு வாசலை அடைத்து எடுத்து வாருங்கள்.

வைக்கிற இடம்: காலை வெயில் படணும், மத்தியானம் நிழல். வாசல் பிள்ளைகள் ஓடுகிற பக்கம் பார்க்கக் கூடாது. மன்றக் கட்டடத்தின் பின்னால் என்றால் கிரிக்கெட் பந்து எங்கே விழும் என்று முதலில் பாருங்கள், இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தெருவிளக்குக்குக் கீழே வைத்தால் ராத்திரி வெளிச்சத்துக்கு வந்து விழுந்து சாகும். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக்காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம்.

அக்டோபர் 9

கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றலாம் என்று ஒருவர் சொல்கிறார். நாங்களும் ஊற்றியிருக்கிறோம், எறும்பு ஏறவில்லை. ஆனால் மழையில் நிரம்பி வழிந்து மண்ணெல்லாம் எண்ணெய், கிண்ணத்தில் விழுந்த ஈ ஒன்றுகூட மேலே வராது. தண்ணீர் என்றால் வாரம் ஒருமுறை மாற்றணும், கொசு வைக்கும். இப்போது நாங்கள் காலில் கிரீஸ் துணி சுற்றுகிறோம், புல் வந்து பாலம் போடாமல் செதுக்கி வைக்கிறோம். புல் செதுக்குவது பெரிய வேலை என்று சொல்லும் ஆள் எங்களிடம் இன்னும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதைச் செய்தால்தான் பெட்டி திறக்கும்போது முன் வரிசையில் நிற்கலாம்.

நவம்பர் 2

தச்சரிடம் சொல்லிப் புதுப்பெட்டி அடிக்கிறோம் என்கிறவர்களுக்கு ஒன்று. அழகாக அடிப்பதைவிட இடைவெளிதான் முக்கியம். லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1851இல் கவனித்த விஷயம்: ஒரு குறிப்பிட்ட அளவு சந்து விட்டால் தேனீ அதை நடக்கிற வழியாக வைத்துக்கொள்ளும், அதைவிடப் பெரிதானால் அங்கே அடை கட்டும், சிறிதானால் பிசின் வைத்து அடைக்கும். நம் தேனீக்கு அது ஏறக்குறைய 7 முதல் 9 மில்லிமீட்டர். சட்டத்தைத் தூக்கி எடுத்துப் பார்க்கிற தேனீ வளர்ப்பு முழுவதும் இந்தச் சந்தின் மேல்தான் நிற்கிறது. எங்கள் பையன்கள் ஸ்கேலை எடுத்துக்கொண்டுபோய்த் தச்சருக்கு இதைச் சொல்ல, அவர் "முப்பது வருஷமா ஜன்னல் அடிக்கேன், எனக்கு மில்லிமீட்டர் சொல்லுதியா" என்று கேட்டார். ஒரு சட்டம் உள்ளே ஒட்டிக்கொண்டு அடை பிய்ந்து வந்த பிறகு அவரே ஸ்கேல் கேட்டு வாங்கினார். பையன்களும் அவரிடமிருந்து மூலைப் பொருத்து கற்றுக்கொண்டார்கள், அது தேனீயைவிடக் காலத்துக்கும் உதவும் என்பது என் எண்ணம்.

பெட்டியைத் தினமும் திறக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் காலை வெயில் ஏறிய பிறகு, மழை இல்லாத நாளில். திறக்கும்போது நான்கு பேர் போதும்: ஒருவர் புகை போட, ஒருவர் சட்டம் தூக்க, ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத. மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும், அடுத்த வாரம் மாறிக்கொள்ளட்டும். புகைக்குத் தென்னஞ்சவுரி, அதாவது தேங்காய் நார். குளிர்ந்த வெள்ளைப் புகை வரணும், தீப்பொறி வந்தால் ஊதுகிறவனை மாற்றுங்கள்.

நோட்டில் எழுதுவது சலிப்பான வேலை என்று யாரும் எடுக்க மாட்டார்கள், எங்களிடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எடுத்தான், கூட்டத்தில் வாயே திறக்காதவன். டிசம்பரில் எந்தப் பெட்டியில் எத்தனை சட்டம் புழு என்று எல்லோரும் அவனிடம்தான் கேட்டோம்.

நவம்பர் 30

ராணி அறை தென்பட்டதா? அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை தொங்குவது மாதிரி இருக்கும். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் அதுதான். கூட்டம் தெம்பாக இருக்கிறது, பிரியப் போகிறது. அந்த அறை மூடப்பட்ட ஒன்றிரண்டு நாளில் பழைய ராணி பாதி ஈக்களோடு கிளம்பி ஏதாவது ஒரு அயனி மரக் கிளையில் போய்த் தொங்கும், நீங்கள் சாக்கும் ஏணியும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முந்திக்கொண்டு நாமே பிரித்துவிட்டால் இரண்டு பெட்டி மூன்றாகும், செலவில்லாமல்.

இங்கேதான் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். முட்டையிலிருந்து ராணி வெளியே வர ஏறக்குறைய 16 நாள், பணித்தேனீக்கு 20, ஆணுக்கு 24. ராணி அறை இன்றைக்கு மூடியிருக்கிறது என்றால் என்றைக்கு வெளியே வரும், வந்து எத்தனை நாளில் பறந்துபோய் ஆண் ஈக்களோடு கூடி வரும், முதல் முட்டை எப்போது தெரியும், அதிலிருந்து வருகிற ஈ ஜனவரிக் கடைசிக்குள் வெளியே பறக்குமா? கணக்கில் பார்டரில் நிற்கிற பையன்கூட இதைக் காலண்டரில் வட்டம் போட்டுச் சரியாகச் சொல்வான். பணித்தேனீ வெளியே வந்ததும் தேனுக்குப் போகாது, முதலில் இரண்டு மூன்று வாரம் உள்வேலை. அதையும் கூட்டணும். இந்தக் கணக்கால்தான் அக்டோபர் என்று சொன்னேன்.

டிசம்பர் கடந்து பிரித்தால் பெட்டி எண்ணிக்கை கூடும், தேன் குறையும். எது வேண்டும் என்று மன்றத்தில் வாக்கெடுப்பு வையுங்கள். எங்களிடம் எண்ணிக்கை ஜெயித்தது, மார்ச்சில் அதற்கு வாக்களித்தவர்களே முனகினார்கள்.

பிப்ரவரி 26

தேன் எடுத்தாயிற்று என்று போட்டோ போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தப் போட்டோவில் மிஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிற அடையில் பாதிக்குமேல் அறைகள் மூடவில்லை.

மூடாத அறைத் தேன் இன்னும் பழுக்காதது, நீர் அதிகம். ரப்பர் தேன் பொதுவாகவே நீர்ப்பாங்கு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கணும், நம் ஊரில் அவசரப்பட்டு எடுத்தால் அதைத் தாண்டிவிடும், இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும், பாட்டில் மூடி தெறிக்கும். முக்கால் பங்கு அறை மூடிய பிறகு, பெட்டியின் மேல்தட்டான தேன் அறையிலிருந்து மட்டும் எடுங்கள். கீழ்த்தட்டான புழு அறையில் இருக்கிற தேன் ஈக்களின் சோறு.

உறைந்துபோகிறது, சர்க்கரை கலந்தது என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வருவார்கள். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அது தேனின் குளுக்கோஸ் செய்கிற வேலை. பாட்டிலைச் சுடவைக்காமல் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கணும், தீக்குச்சியில் தொட்டால் எரியணும், எறும்பு மொய்க்கக் கூடாது என்ற சோதனைகள் எதுவும் கலப்படத்தைக் காட்டாது. எங்கள் பிள்ளைகள் நல்ல தேனையும் கெட்டியான சர்க்கரைப் பாகையும் இரண்டு டம்ளர் தண்ணீரில் விட்டு மன்ற ஆண்டுவிழாவில் செய்து காட்டினார்கள், இரண்டும் ஒரே மாதிரி இறங்கின. முன் வரிசைப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை.

விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள், சின்ன அளவுக்கும் அது வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க என்று கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகும். இதைப் பாட்டிகளிடம் சொல்லும் தைரியம் நம்மைவிடப் பிள்ளைகளுக்கு உண்டு.

மார்ச் 21

இந்த வருடம் தேன் குறைவு என்று பலரும் சொல்கிறீர்கள். தளிர் விட்ட சமயத்தில் மழை தட்டினால் கசிவது கழுவிப் போய்விடும். சாம்பல் நோய் வந்தால் தளிரே கொட்டிவிடும், ரப்பர்காரருக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். இதில் பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

சரி, பெட்டி யாருடையது? மன்றத்துப் பொதுப்பெட்டி என்றால் தேன் எடுக்கிற அன்றைக்கு எல்லோரும் வருவார்கள், புல் செதுக்கவும் கிரீஸ் துணி மாற்றவும் அதே இரண்டு பேர். ஆளுக்கொரு பெட்டி என்றால் ரப்பர் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளையின் பெட்டி வழிகிறது, மூன்று சென்ட் வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டி வைக்கவே இடமில்லை. நாங்கள் ஒரு வழியாக வந்து சேர்ந்தது இது: பெட்டி மன்றத்துக்கு, பொறுப்பு ஒரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளைக்கும் சேர்த்து, தேன் பொது. பெரியவன் கல்லூரிக்கு வெளியூர் போனாலும் சின்னவன் இருப்பான்.

மார்ச் 22

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. பெண் பிள்ளைகள். பெட்டிகள் மன்றத்துப் பின்னால் இருந்தவரை அவர்கள் ஞாயிறு காலை மட்டும் வந்தார்கள், சாயங்காலம் அந்தப் பக்கம் வர வீட்டில் விடமாட்டார்கள், சீட்டாடுகிற அண்ணன்மார் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெட்டியைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீட்டு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் மாற்றினோம். மற்றப் பிள்ளைகளும் அங்கே போக ஆரம்பித்தார்கள். அந்த வீட்டு ஆச்சியும் சேர்ந்துகொண்டார். கடந்தை என்கிற பெரிய குளவி வந்தால் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து ஒரே அடி, முகவலை கிடையாது ஒன்றும் கிடையாது. வாசலில் வந்து உட்கார்ந்து ஈயைப் பிடிக்கிற அந்தக் கடந்தைகளுக்கு அதைவிட நல்ல வைத்தியத்தை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளை மட்டும் அதைச் செய்ய விடாதீர்கள்.

ஜூன் 18

ஜூன் வந்துவிட்டது. இப்போது எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று பார்க்கணும், பிப்ரவரியில் நிறையப் பேர் இருந்தீர்கள்.

வெளியே மழை, ரப்பரில் ஒன்றும் கிடையாது, தென்னையில் கொஞ்சம் மகரந்தம் கிடைக்கும், அவ்வளவுதான். ராணி முட்டையைக் குறைக்கும், கூட்டம் சுருங்கும். பெட்டி திறந்தால் பார்க்க ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் வேறு பள்ளிக்கு, பிளஸ் டூ முடித்தவர்கள் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போயிருப்பார்கள். பெட்டிக்கு ஆள் வேண்டிய மாதத்தில்தான் மன்றத்தில் ஆள் குறையும். யார் மேலும் குற்றமில்லை, காலண்டர் அப்படி. அதனால் திட்டம் போடும்போதே ஜூனிலிருந்து பின்னோக்கிப் போடணும். இந்த மழைக்கு எத்தனை பெட்டிக்குப் பாகு வைக்க ஆள் இருக்கும்? அத்தனை பெட்டிதான் வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தை ஏப்ரலில் விற்றுவிடுங்கள். தேன் விற்ற காசில் சர்க்கரைக்கு முதலில் எடுத்து வையுங்கள், ஆண்டுவிழாச் செலவெல்லாம் அதற்கு அப்புறம்.

முறை எளிது. ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், கொதிக்க வைத்து ஆறவிட்டு, சிரட்டையில் ஊற்றி மூடிக்கு அடியில் உள்ளே வைக்கணும். மேலே நாலு ஈர்க்குத் துண்டு போட்டால் ஈ முங்காது. பொழுது சாய்ந்த பிறகு மட்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில். பகலில் வைத்தால், ஒரு சொட்டு வெளியே சிந்தினால், தெம்பான பெட்டி ஈக்கள் நோஞ்சான் பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கும், அன்றோடு அது முடிந்தது. தேன் அறையைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். காலி அடையைப் பெட்டியில் விட்டால் மெழுகுப் புழு வலை பின்னிவிடும், ஈ மூடுகிற அளவுக்கு மட்டும் அடை இருந்தால் போதும். தளிர் விடும் முன் பாகை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பிப்ரவரியில் நீங்கள் விற்பது சர்க்கரை.

ஜூன் 19

"பாகு கொடுப்பது இயற்கைக்கு விரோதம், தேனையே விட்டுவைக்கலாமே" என்று ஒருவர். விட்டுவையுங்கள், நல்லதுதான், நாங்களும் புழு அறையில் கை வைப்பதில்லை. ஆனால் சின்னப் பெட்டி, நீண்ட மழை. விட்ட தேன் ஆகஸ்ட் வரை போகாது.

ஜூலை 3

ஒரு பெட்டி காலி என்று நேற்று ராத்திரி எழுதியிருந்தீர்கள். செத்த ஈ இல்லை, புழு இல்லை, அடை சுத்தமாக இருக்கிறது என்றால் நோயாகத் தெரியவில்லை, கிளம்பிப் போயிருக்கின்றன. நம் தேனீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்பே முட்டையிடுவதை நிறுத்தி, இருக்கிற புழுவை வளர்த்து முடித்துவிட்டுத்தான் போகும், நோட்டில் ஜூன் நடுவில் "முட்டை இல்லை" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தப் பெட்டியைச் சுரண்டி வெயில் வரும் நாளில் காயப் போடுங்கள். நல்ல அடை இரண்டை மற்றப் பெட்டிக்குக் கொடுக்காமல் தனியாகக் கட்டி வையுங்கள், காரணம் உறுதியாகத் தெரியும் வரை. கறுத்த அடையை உருக்குங்கள், மெழுகு கிடைக்கும், அக்டோபரில் அதைப் புதுச்சட்டத்தின் மேல்கட்டையில் கோடாகத் தடவினால் ஈ நேராக அடை கட்டத் தொடங்கும். மீதி இருக்கிற பெட்டிகளுக்கு இன்றைக்குச் சாயங்காலமே பாகு வையுங்கள், யார் வைப்பது என்று பெயர் எழுதி இங்கேயே போடுங்கள்.